ஆறு சதவீத வழு

எங்கள் மகள் வைத்தியர் சொன்ன காலத்துக்கு ஏழு கிழமை முந்திப் பிறந்துவிட்டாள். நிறை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பிரசவ விடுதிக்கு வெளியே நின்ற என்னிடம் அதைச் சொல்ல வந்த தாதி, "பயப்பிடாதேங்கோ, மூச்சு வடிவா எடுக்கிறா" என்றுதான் தொடங்கினார். அந்த மூச்சு என் காதில் விழவில்லை. ஒன்றரைக் கிலோ மட்டும் விழுந்தது. சந்தையில் ஒரு நல்ல பப்பாசிப்பழம் அந்த நிறை இருக்கும். நான் எத்தனையோ முறை அப்படி ஒன்றை வாங்கி மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கலியாணம் முடித்துப் பல வருடங்கள் பிள்ளை இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என் மனைவிக்கும் நாற்பதை எட்டப் பார்த்தது. அவள் அரியாலைக்காரி, மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை. பிரதேச செயலகத்தில் உத்தியோகம். நான் கரவெட்டிக்காரன், சைவம். எங்கள் கலியாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் அவர்கள் எல்லோரும் ஒன்றாகவே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். அதைப் பற்றி வேறொரு முறை எழுதலாம். இது ஒரு தராசைப் பற்றிய கதை.

நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். வகுப்பு தொடங்கியதும் முதல் செய்முறை அளத்தல்தான். வேணியர் இடுக்கிமானி, எளிய ஊசல், தராசு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் வழுவைக் கணிக்க வேண்டும். எங்கள் பாடத்தில் பிழை என்று சொல்வதில்லை, வழு என்போம். அளந்து கிடைத்த பெறுமானத்துக்கும் உண்மைப் பெறுமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, உண்மைப் பெறுமானத்தால் பிரித்து, நூறால் பெருக்கினால் சதவீத வழு. பத்து வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. ஒரு வருடம் ஊசலை ஆட்டி, g என்று எழுதும் ஈர்ப்பு ஆர்முடுகலை அளந்த பிள்ளைகளுக்கு ஒன்பது தசம் எட்டு வரவேண்டிய இடத்தில் பதினொன்று தசம் இரண்டு வந்தது. பதினான்கு சதவீத வழு. ஏன் என்று கேட்டேன். "சேர், எங்கடை ஊரிலை ஈர்ப்புக் கொஞ்சம் கூடவாக்கும்" என்றாள் ஒருத்தி. நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் ஊசல் நூலை அளந்த விதத்தில் கோளாறு இருந்தது. நூலைக் கட்டிய இடம்வரை அளக்காமல், அதற்கு மேலே மிஞ்சிய துண்டையும் சேர்த்து அளந்திருந்தாள்.

இப்படி வருடாவருடம் மற்றவர்களின் வழுவைப் பிடித்துக்கொண்டு இருந்த மனிதனுக்குத்தான் ஒன்றரைக் கிலோவில் ஒரு மகள் பிறந்தாள்.

பிள்ளை சில கிழமைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பிறகு தாயின் நெஞ்சோடு வைத்துக் கட்டி வளர்க்கச் சொன்னார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். சட்டைக்கு உள்ளே, தோலோடு தோலாக, பிள்ளையின் தலை தாயின் தாடைக்குக் கீழே வரும்படி துணியால் கட்டிவிடுவார்கள். என் மனைவி அந்த விடுதிக் கதிரையில் பகல் முழுவதும் அப்படியே சாய்ந்திருப்பாள். ஒரு கை பிள்ளையின் பின்தலையில், மற்றக் கை முதுகின் கீழே. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. "கையை எடுத்தால் விழுந்திடுவாள் போலை கிடக்கு" என்பாள். "துணியாலை கட்டியெல்லே இருக்கு" என்று சொன்னால், "அது எனக்குத் தெரியும், என்ரை கைக்குத் தெரியேல்லை" என்பாள்.

மார்கழி மழைக்குள் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்போது இரண்டு கிலோ கூட இல்லை. வைத்தியர் வீட்டுக்குப் போகத் துண்டு எழுதித் தந்துவிட்டு, "ஒரு நாளைக்கு இருபது, முப்பது கிராம் ஏறவேணும். கிழமைக்கு ஒருக்காக் கிளினிக்கிலை நிறுத்துப் பாருங்கோ" என்றார்.

கிழமைக்கு ஒருக்கா என்பதில் வைத்தியர் அழுத்தம் கொடுத்துச் சொன்னார். நான் ஒரு நாளைக்கு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இருபது கிராம் ஏறவேண்டும் என்றால் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டாமா? அடுத்த நாளே நெல்லியடிக்குப் போய்ப் பிள்ளைகளை நிறுக்கும் இலத்திரனியல் தராசு ஒன்றை வாங்கிவந்தேன். மேலே தோணி போல வளைந்த வெள்ளைத் தட்டு, முன்னால் இலக்கம் தெரியும் சின்னக் கண்ணாடி.

மனைவி அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"பிள்ளை என்ன, உங்கடை ஊசல் குண்டே?"

"அதில்லை. ஏறுதோ எண்டு தெரிஞ்சால் நிம்மதி தானே."

"ஏறேல்லை எண்டு தெரிஞ்சால்?"

இருந்தாலும் தராசை அறையில் சுவரோரம் இருந்த மேசையில் வைத்து, மட்டம் சரிபார்த்து, இலக்கம் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன்.

பாடசாலை விடுமுறைக் காலம். ஒவ்வொரு காலையிலும் குளிப்பாட்டுவதற்கு முன், உடுப்பு இல்லாமல், மெல்லிய துணி ஒன்றைத் தட்டில் விரித்துப் பிள்ளையை நானே கிடத்துவேன். துணியோடு பூச்சியமாக்கிய பிறகுதான் கிடத்துவது. கையை எடுத்ததும் அவள் இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிடுவாள். முகம் கோணும். அழுகை வருவதற்குள் இலக்கம் நின்றுவிடும். மனைவி கதவடியில் நின்று, "எடுங்கோ, எடுங்கோ, காணும்" என்று அவசரப்படுத்துவாள். இலக்கத்தைச் சுவர்க் கலண்டரில் அந்த நாளின் பெட்டிக்குள் சின்னதாக எழுதுவேன். ஒரு நாள் பதினைந்து, ஒரு நாள் முப்பத்தைந்து, ஒரு நாள் ஒன்றுமில்லை, அடுத்த நாள் ஐம்பது. மொத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் நிறுத்தாலும் அதே இலக்கம்தான், ஐந்து பத்துக் கிராம் அப்படி இப்படி. நான் அந்தத் தராசில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா, பால் நல்லாச் சுரக்கும் என்று, சரக்கரைத்த கறியும் சுறாப்புட்டுமாகக் கொண்டுவந்து வைத்தார். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள். பிள்ளை பால் குடித்தாள், தூங்கினாள், தும்மினாள். தும்மலுக்குப் பிறகு தன் தும்மலுக்குத் தானே பயந்து எங்களைப் பார்ப்பாள். வீட்டில் அதைவிடப் பெரிய சம்பவம் ஒன்றும் அந்த நாட்களில் நடக்கவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியது. ஏழு மணிக்கு முன் நான் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். நான் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிற்க, மனைவி பிள்ளையைத் தராசில் கிடத்துவாள். அவள் கிடத்தும்போது பிள்ளை திடுக்கிடுவதில்லை. தேவாலயத்தில் பாடும் ஒரு கீதத்தை மனைவி வாய்க்குள் முணுமுணுப்பாள். பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி கிடப்பாள். நான் குனிந்து இலக்கத்தைப் பார்த்து, கலண்டரில் எழுதி, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

பாடசாலை தொடங்குவதற்கு முதல் நாள், ஒரு புதன்கிழமை, கிளினிக்கில் இரண்டு கிலோ நானூறு கிராம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் காலை எங்கள் தராசு இரண்டு கிலோ இருநூற்று அறுபது என்று காட்டியது.

ஒரே இரவில் நூற்று நாற்பது கிராம்.

"என்ன, எவ்வளவு?" என்றாள் மனைவி.

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டாள். அன்றைக்கு வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் முப்பது கிராம் ஏறியது போல இருந்தது, பிறகு இறங்கியது.

அந்த நாட்களில் என் மனைவி தன் பாலைச் சந்தேகிக்கத் தொடங்கினாள். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கிற விஷயம் அதுதான். பிள்ளை குடித்து முடித்துக் கண் அயர்ந்தாலும் பாதத்தைச் சுண்டி எழுப்பித் திரும்பவும் குடிக்க வைப்பாள். தனக்குப் பசிக்காவிட்டாலும் சாப்பிடுவாள். அக்கா கொண்டுவந்த சுறாப்புட்டை இப்போது மூக்கைப் பொத்தாமல், மருந்து விழுங்குவது போல விழுங்கினாள். "என்ரை வயது போனதாலைதான் பால் தண்ணியாய்ப் போச்சுது" என்று ஒரு பின்னேரம் சொன்னாள். சும்மா சொல்வது போலச் சொன்னாள். மழைக்குள் காயாத பிள்ளைத்துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் மறுத்தேன். மறுக்க என்னிடம் இலக்கம் ஒன்றும் இருக்கவில்லை. இருந்த இலக்கமெல்லாம் அவள் பக்கம் சாட்சி சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவின் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர், ஊரில் பாதிப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தவர். முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"பால் குடிக்கிறாவோ?"

"ஓம்."

"துணி நனையுதோ?"

"ஓம், அடிக்கடி. காயப்போட இடம் காணாது."

"அழுகைக்குச் சத்தம் இருக்கோ?"

"ஓம் மிஸி, நல்ல சத்தம்."

"அப்ப என்ன சேர் உங்களுக்குப் பிரச்சினை?"

"தராசு குறையக் காட்டுது."

அவர் மிளகாயைக் கிண்டிய தடியை மரத்தில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் உங்கடை தராசை நம்புறியளோ, என்ரை தராசை நம்புறியளோ? ஏதோ ஒண்டை நம்புங்கோ. ரெண்டையும் நம்பினால் விசர்தான் பிடிக்கும். நாளைக்குக் காலமை பிள்ளையைக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

திரும்பி வரும் வழி முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஆய்வுகூடத்தில் எங்களுக்கு உண்மைப் பெறுமானம் என்று ஒன்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகள் பதினொன்று தசம் இரண்டு என்று கொண்டுவந்தால் ஒன்பது தசம் எட்டோடு ஒப்பிட்டு வழுவைச் சொல்லிவிடலாம். என் மகளின் உண்மைப் பெறுமானம் எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கப்படவில்லை. இரண்டு தராசு இரண்டு விதமாகச் சொல்கிறது. எதிலிருந்து எதைக் கழிப்பது? எதால் பிரிப்பது?

திங்கட்கிழமை காலை பாடசாலைக்குப் போய் அதிபரிடம் அரைநாள் லீவு கேட்டேன். கூடவே ஆய்வுகூடத்தில் இருந்த ஒரு கிலோப் பித்தளைப் படிக்கல் இரண்டையும் கேட்டேன். அதிபர் லீவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படிக்கல் எதற்கு என்று கேட்டார்.

"பிள்ளையை நிறுக்க, சேர்."

"கவனமாக் கொண்டுபோங்கோ" என்றார். பிள்ளையைச் சொன்னாரா, படிக்கல்லைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

கிளினிக்கில் அன்று கூட்டம் இல்லை. நான் பையிலிருந்து இரண்டு படிக்கல்லையும் எடுத்ததைப் பார்த்து மிஸி சிரித்துவிட்டார். "வையுங்கோ சேர், வையுங்கோ. என்ரை தராசுக்கும் ஒரு சோதினை நடக்கட்டும்" என்று தள்ளி நின்று இடம் விட்டார். வைத்தேன். சரியாக இரண்டு கிலோ. மிஸி பிள்ளையை என் மனைவியின் கையிலிருந்து வாங்கித் தானே கிடத்தினார். பிள்ளை திடுக்கிட்டுக் கத்தினாள். இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்து.

"பாத்தியளே! புதன்கிழமைக்குப் பிறகு நூற்றுப் பத்துக் கிராம் ஏறியிருக்கு. என்ன வேணும் உங்களுக்கு?" என்றவர் என் மனைவியிடம், "பிள்ளை, நீர் போய் வடிவாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும். உந்த மனுசன்ரை தராசைக் கிணத்துக்கை போடும்" என்றார்.

ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது மனைவி பல நாட்களுக்குப் பிறகு வெளியே வேடிக்கை பார்த்தாள். தோட்டங்களில் வெங்காயம் நட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் வடிந்த செம்மண்ணில் கொக்குகள் நின்றன. எனக்கும் நிம்மதிதான். எங்கள் தராசு பழுது. கடைக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான். எத்தனை சதவீதம் பழுது என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் புத்தி எனக்கு எங்கே போகும்?

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் படிக்கல் இரண்டையும் மனைவியிடம் கொடுத்து, "உதை ஒருக்கா வையும்" என்றேன். இலக்கத்தைப் பார்க்க நான் குனிந்தேன். வைத்தாள்.

இரண்டு கிலோ. ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

தராசில் பழுதே இல்லை. "இப்ப பிள்ளையை வையும்" என்றேன். அவள் துணியை விரித்து, நான் பூச்சியமாக்க, பிள்ளையைக் கிடத்தினாள். கீதம் முணுமுணுத்தாள்.

இரண்டு கிலோ முந்நூற்று அறுபது.

கிளினிக்கில் நிறுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதே பிள்ளை. படிக்கல்லில் இரண்டு தராசும் ஒரே இலக்கம். பிள்ளையில் மட்டும் நூற்றைம்பது கிராம் வித்தியாசம். இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்துக்கு நூற்றைம்பது என்றால் கிட்டத்தட்ட ஆறு சதவீதம். கணக்கு வந்துவிட்டது. காரணம் வரவில்லை. கருவி இரண்டும் சரி, அளக்கப்படுகிற பொருளும் ஒன்று. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த ஆறு? நான் தராசின் கால்களைப் பார்த்தேன். மேசையை அசைத்துப் பார்த்தேன். துணியின் நுனி எங்கேயும் முட்டுகிறதா என்று பார்த்தேன். காற்றாடியைக்கூட நிற்பாட்டினேன்.

"இஞ்சேருங்கோ" என்றாள் மனைவி.

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கல்லை நான் வைச்சிட்டுக் கையை எடுத்தனான்."

"ஓம்."

"பிள்ளையிலையிருந்து எடுக்கேல்லை."

அவளுடைய இடது கை பிள்ளையின் பின்தலைக்குக் கீழே இருந்தது. உள்ளங்கை அல்ல, நாலு விரல். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த அதே இடம். நான் இத்தனை நாளும் இலக்கத்தை மட்டும் பார்த்தேன். இலக்கத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த கையைப் பார்க்கவில்லை.

"நான் பிடிக்கேல்லையப்பா. சும்மா தொட்டுக்கொண்டு இருந்தனான்" என்றாள்.

"ஒருக்கா எடும்."

எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விரலாக இழுத்தாள். கடைசி விரல் வந்ததும் பிள்ளை இரண்டு கைகளையும் அகல விரித்துத் திடுக்கிட்டாள். இலக்கம் துள்ளியது, தள்ளாடியது, நின்றது.

இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்து.

பிள்ளை வீரிட்டு அழுதாள். மனைவி அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் சின்னப்பிள்ளை போலத் தராசைச் சுற்றி வந்தேன். "பால் தண்ணியில்லை, கண்டீரே! பால் தண்ணியில்லை!" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, பிள்ளைக்கு ஏதுமோ?" என்று பதறினார். "ஒண்டுமில்லை அக்கா, ஆறு சதவீதம் கண்டுபிடிச்சிட்டம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பிள்ளை உறங்கிய பிறகு மனைவி தராசடிக்கு வந்தாள். வெறும் தட்டில் தன் நாலு விரலையும் வைத்தாள். "இதுதான் தொடுறது" என்றாள். நூற்று நாற்பது. எடுத்துவிட்டுத் திரும்பவும் தொட்டாள். நூற்று அறுபது. இன்னும் மெதுவாகத் தொட்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நூற்றுப் பத்து. அதற்குக் கீழே இறக்கவே அவளால் முடியவில்லை. இத்தனை நாளும் சும்மா தொட்டது இவ்வளவு பாரத்தைத் தாங்கியிருக்கிறது என்று அவளால் நம்ப முடியவில்லை.

"அப்ப ஆறு வீதம் நான்" என்றாள்.

"ஓம், ஆறு வீதம் நீர்."

"உங்களை ஒருக்கா இப்பிடித் தொட்டால் எவ்வளவு குறையும்?"

"எழுபது கிலோவிலை நூற்றைம்பது கிராம் ஆருக்குத் தெரியப்போகுது? கால் வீதமும் வராது."

"அப்ப உங்களைத் தொட்டுப் பிரயோசனமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து தேத்தண்ணி போடப் போனாள்.

அது பகிடிக்குச் சொன்னது. ஆனால் அடுத்த நாள் வகுப்பில் அதைத்தான் நான் வேறு சொற்களில் சொன்னேன். பாடத்திட்டத்தில் உள்ளதுதான், புதிதாக ஒன்றுமில்லை. ஒரே அளவு வழு பெரிய பொருளில் கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பொருளில் அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிடும். அதனால்தான் சதவீதத்தில் சொல்கிறோம். முன்பும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் உதாரணத்துக்கு ஒரு கம்பியின் விட்டத்தையும் ஒரு மேசையின் நீளத்தையும் எடுப்பேன். இந்த முறை எழுபது கிலோ மனிதனையும் இரண்டரைக் கிலோப் பிள்ளையையும் எடுத்தேன். முன் வாங்கில் இருந்தவள் கையை உயர்த்தி, "சேர், பிள்ளைக்கு இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு செய்முறைப் பாடத்துக்குக் கைதட்டல் வாங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

பிள்ளையைத் திடுக்கிட வைக்காமல் நிறுக்க ஒரு வழியை மனைவியே கண்டுபிடித்தாள். மெல்லிய துணியால் அவளை இறுக்கமாகச் சுற்றி, கைகள் விரியாமல் கட்டி, அப்படியே கிடத்துவது. துணியின் நிறையை முதலே பூச்சியமாக்கிக்கொண்டால் போதும். சுற்றிக் கிடத்தினால் பிள்ளை அழவே இல்லை. ஆனாலும் மனைவியின் கை பழக்கத்தில் தட்டுப் பக்கம் போகும். அதனால் கிடத்தியதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி. இலக்கம் நின்று நான் தலையை ஆட்டும்வரை அந்தக் கைகள் ஒன்றையொன்று பிடித்து நெரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்த புதன்கிழமை மிஸியிடம் கதையைச் சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வாங்கில் இருந்த தாய்மார் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் மனைவியின் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, உமக்கு ஒரு குறையுமில்லை. இனிமேல் தினம் நிறுக்கிற வேலையை விடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா இஞ்சை வாங்கோ, காணும். மிச்ச நாளெல்லாம் தூக்கி வைச்சிருங்கோ, எந்தக் கையாலை எண்டாலும்."

அன்றிலிருந்து கிளினிக்கில் யாராவது தாய் தயங்கித் தயங்கிப் பிள்ளையைக் கிடத்தினால், "கரவெட்டிச் சேர் வீட்டு நிறுவை நிறுக்காதேங்கோ, கையை எடுங்கோ" என்று மிஸி சொல்வாராம். எங்கள் வீட்டு வழு ஊருக்குள் அப்படிப் பரவியது. ஒருநாள் சந்தையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் விளைமீனைத் தராசில் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டி, "பாருங்கோ சேர், நான் தொடேல்லை" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் தினம் நிறுப்பதை விட்டுவிட்டோம். முதல் சில காலைகள் எனக்குக் கை பரபரத்தது உண்மை. ஏழு மணிக்கு முன் கலண்டரடியில் போய் நிற்பேன். எழுத ஒன்றுமிருக்காது. பிறகு அந்த நேரத்தில் பிள்ளையைச் சும்மா வைத்திருக்கத் தொடங்கினேன். சேட்டில் பால் கக்குவாள். அந்தக் கறையோடு எத்தனையோ நாள் வகுப்புக்குப் போயிருக்கிறேன். தராசை இப்போது மனைவி சமையலறையில் வைத்திருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்கு மாவும் சீனியும் அதில்தான் நிறுக்கிறாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கிளினிக்கில் மிஸி வளர்ச்சி அட்டையில் புள்ளி போட்டுவிட்டு அதைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். புள்ளி முதல்முறையாகப் பச்சைப் பட்டைக்குள் விழுந்திருந்தது. குறைமாதப் பிள்ளை என்று இனி யாரும் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பார்க்கத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். என் மனைவி நன்றி சொல்ல வாயெடுத்தாள். மிஸி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் மனைவி, "வீட்டை போகாமல் எங்கையாவது போவமோ?" என்று கேட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரி, கிளினிக், வீடு என்று மூன்று இடத்தைத் தவிர எங்கேயும் போகாதவள் அவள். ஓட்டோக்கார அண்ணையிடம் தொண்டைமானாற்றுக்கு விடச் சொன்னேன்.

பாலத்தடியில் இறங்கினோம். சந்நிதிக் கோயிலுக்குப் போகிற ஆட்கள் சிலர் எங்களைக் கடந்து போனார்கள். ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் கடல். காற்று அள்ளி வீசியது. மனைவி பிள்ளையின் முகத்தை மறைத்திருந்த துணியை மெல்ல விலக்கினாள். இத்தனை பெரிய காற்றை மகள் அதற்கு முன் கண்டதில்லை. மூச்சை உள்ளே இழுத்துத் திகைத்துப்போய், வாயைத் திறந்தபடி இருந்தாள். அழப்போகிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவள் அழவில்லை. காற்றைப் பார்த்து நாக்கை நீட்டினாள். உப்பாக இருந்திருக்க வேண்டும், முகத்தைச் சுருக்கினாள். பிறகு திரும்பவும் நீட்டினாள்.

"பாருங்கோ, ருசி பாக்கிறாள்" என்றாள் மனைவி.

நாங்கள் மூன்று பேரும் வெயில் சாயும்வரை அங்கேயே நின்றோம்.